கொதித்தாலும் போகாத விஷம்



"நல்லாக் கொதிச்சா எந்த விஷமும் செத்துப்போயிரும் மக்களே!" மட்டிக் குழம்பு வைக்கும்போதெல்லாம் எங்க பாட்டி சொல்லும் வார்த்தை இது. பாட்டியின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பாட்டி சொல்வது தப்பு. அதைப் பாட்டிக்கு யாரும் சொல்லவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. மீன் குலத்துக்கே சோறு போடுவது இவைதான். இவற்றில் சில இனங்கள் மட்டும் விஷத்தை உண்டாக்குகின்றன. மட்டியும் சிப்பியும் கடல் நீரை வடிகட்டித் தின்பவை. இந்தப் பாசிகள் பெருகும் நாட்களில் விஷம் அவற்றின் சதையில் சேர்ந்துவிடும். அவற்றைத் தின்ற மனிதனுக்கு முதலில் உதடு மரத்துப்போகும். பிறகு கை, கால். விஷம் அதிகமானால் மூச்சு விடும் தசைகளே ஓய்ந்துபோகும்! சாக்ஸிடாக்சின் என்ற இந்த விஷத்துக்கு மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது.

ஏதோ அயல்நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1981-ல் நம் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்ட 3 பேர் இறந்தார்கள். 1997-ல் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியால் நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். சிலருக்கு ஞாபக சக்தியே போய்விட்டது. விஞ்ஞானிகள் சில நாட்களிலேயே அது டோமோயிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தப் பகுதியில் சிப்பி எடுக்கத் தடை என்று வைத்தார்கள். அளவு குறைந்ததும் மீண்டும் எடுக்கலாம். தீவின் சிப்பித் தொழில் அழியவில்லை!

"தண்ணி சிவப்பா இருந்தா மட்டும் சாப்பிடாம இருந்தா போதாதா?" என்பார்கள். போதாது. நிறம் மாறாத நீரிலும் விஷப் பாசி இருக்கலாம். சிவந்த நீரெல்லாம் விஷமும் அல்ல. கண்ணை நம்பிப் பயனில்லை, சோதனைதான் ஒரே வழி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். லீவில் போனபோது இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "சரி மக்களே, எடுக்கப்பிடாதுன்னு சொல்லிப்புட்டா, மட்டி பொறுக்குறவ அன்னைக்கு என்னத்தத் திம்பா?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்த பிறகு தோன்றியதை எழுதுகிறேன். மட்டி, சிப்பி எடுக்கும் இடங்களில் ஒழுங்காகச் சோதனை நடக்க வேண்டும். முடிவைக் கரையிலேயே தமிழில் போர்டு எழுதி வைக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிறார்களே, அதுபோல மட்டித் தடைக்கும் தர வேண்டும். சோறு போடாத தடையை வயிறு மதிக்காது! கடலோர ஆஸ்பத்திரிகளில் செயற்கை சுவாசக் கருவி தயாராக இருக்க வேண்டும். மாற்று மருந்து இல்லாத இந்த விஷத்திலிருந்து மனிதனைக் காப்பாற்றுவது அதுதான்.

நண்பர்களே, கண்ணுக்குத் தெரியாததை அளக்கத்தானே நாம் லேபில் கற்றுக்கொள்கிறோம்? மீட்டர் காட்டும் எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்குவதோடு படிப்பு முடிந்துவிட்டதா? அந்த எண் பாட்டிக்குப் புரியும் பேச்சில் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டாமா?

உதடு மரத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு! இந்த ஒரு வரியையாவது இந்த லீவில் ஊருக்குக் கொண்டுபோவோம்.