ஸலமாங்காவில் வாய் திறந்தது

நமது தமக்கை மகள் சென்ற வருஷம் ஸ்பெயின் தேசத்துக்குப் படிக்கப் போனாள். போகுமுன் இங்கேயே இரண்டு வருஷம் ஸ்பானிய பாஷை பயின்று, பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்கும் வாங்கியிருந்தாள். ஆகையால் பத்தாம் நாள் அவளிடமிருந்து வந்த கடிதம் நம்மைச் சற்றுத் திடுக்கிடச் செய்தது. "மாமா, ரொட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரி ஏதோ கேட்டாள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. விரலால் சுட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அவள் போயிருந்த ஊரோ ஸலமாங்கா. 1218-ஆம் ஆண்டில் தோன்றிய சர்வகலாசாலை உள்ள ஊர். ஸ்பானிய பாஷைக்கு நெப்ரிஹா என்ற பண்டிதர் செய்த முதல் இலக்கண நூல் 1492-இல் அச்சேறியதும் அதே ஊரில்தான். கொலம்பஸ் கப்பலேறிய வருஷமும் அதுவே. பாஷை எப்போதும் சாம்ராஜ்யத்துக்குத் துணையாகச் செல்வது என்று அந்தப் பண்டிதர் தமது முன்னுரையில் அரசிக்கு எடுத்துச் சொல்கிறார். அதை வாசிக்கும்போது 1835-ஆம் வருஷத்து மெக்காலே துரையின் ஞாபகம் நமக்கு வராமல் இல்லை. அது வேறு கதை.

நாம் உபாத்தியாயர் அல்லவா? உடனே, "வினைச்சொல் அட்டவணைகளை மறுபடியும் நெட்டுருப் போடு" என்று பதில் எழுதினோம். பெண்ணும் சொன்னபடி செய்தாள். அட்டவணை வந்தது, பேச்சு வரவில்லை. அந்த ஊர் நிறைய அயல்நாட்டு மாணவர்கள். அவர்களோடு ஆங்கிலத்திலேயே காலந் தள்ளிவிடலாம். மூன்று மாதம் அப்படியே கழிந்தது. சர்வகலாசாலையார் அயல்நாட்டு மாணவர்களைப் பொருட்காட்சிச் சாலைக்கும் பழைய கோவில்களுக்கும் அழைத்துச் சென்றார்கள். நடன வகுப்பும் உண்டு. இவற்றால் பாஷை வளரும் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். நமது அபிப்பிராயம் வேறு. வழிகாட்டி பேசுவார், மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள், வெளியே வந்ததும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். கண்ணுக்கு விருந்துதான், நாவுக்கு அதில் வேலை இல்லை.

ஜனவரி மாதத்துப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிப் போயிற்று. ஸ்பானிய பாஷையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய பாடம். தமக்கை நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். வீட்டில் இரண்டு நாள் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அடுத்த கடிதம் வந்தது: பேட்டையிலுள்ள பாட்டுக் கோஷ்டி ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம். "படிக்கப் போனவள் பாடப் போகிறாளாம்!" என்று தமக்கை நம்மிடம் வந்து அழுதாள். நாமும் அன்று தமக்கையின் கட்சியில்தான் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோஷ்டியில் முப்பது பேர். தபால் உத்தியோகத்தினர், தாதிமார், பென்ஷன் வாங்கும் பாட்டிமார். அயல்நாட்டார் இவள் ஒருத்தியே. இவளுக்காக ஆங்கிலம் பேசுவார் எவருமில்லை. பாஷை கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு இல்லை. பாட்டு சரியாக வர வேண்டும், அவ்வளவே. "இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி" என்றால் திருப்பியாக வேண்டும். திருப்பினாள்.

அங்கேதான் ரொட்டிக் கடை மர்மம் துலங்கியது. ஸ்பானியர் சொற்களைத் தனித்தனியே எழுதுகிறார்களே தவிர, அப்படிச் சொல்வதில்லை. ஒரு சொல்லின் ஈற்றிலுள்ள உயிரும் அடுத்த சொல்லின் முதலிலுள்ள உயிரும் கலந்து ஒலிக்கும். 'என் நண்பன்' என்பதற்கு 'மி அமிகோ' என்று எழுதுவார்கள். காதில் விழுவது 'மியமிகோ'. பாடும்போது இரண்டு உயிருக்கும் ஒரே சுரம்தான். உடம்படுமெய் படித்த தமிழ்ப் பெண்ணுக்கு இது புதிதா? ஆனால் புஸ்தகத்தைக் கண்ணால் படித்த இரண்டு வருஷத்தில் தெரியாதது, சுரத்தைத் தவறவிட்டுப் பக்கத்திலிருந்த பாட்டியிடம் இடி வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

தமிழ் வேறு இடங்களிலும் கைகொடுத்தது. 'இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கிறது' என்பதை அவர்களும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறார்கள். 'நான்' என்று தொடங்கிப் பழகிய ஆங்கிலேயர் இதில் திண்டாடுவார்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதே சொல்லில் ரகரத்தை உருட்டிவிட்டால் 'நாய்'. ரகர றகர பேதத்தை இன்னும் நாவில் காப்பாற்றி வரும் நாகர்கோவில் பக்கத்தார் இந்தச் செய்தி கேட்டு மகிழலாம்.

சங்கடங்களும் உண்டு. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு ஒத்திகை முடிந்தபோது, களைத்துப் போனேன் என்று சொல்ல நினைத்து, 'கன்ஸாதா' என்பதற்குப் பதில் 'கஸாதா' என்று சொல்லிவிட்டாள். கல்யாணமானவள் என்று அர்த்தம்! முப்பது பேரும் கை தட்டி, மாப்பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார்களாம். வகுப்பில் இந்தப் பிழைக்கு ஒரு மார்க்குக் குறைந்திருக்கும், பிழையும் மறந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது வேறொன்று. பக்கத்திலிருந்த எழுபது வயதுப் பாட்டியை இவள் 'உஸ்தெத்' என்று, அதாவது 'தாங்கள்' என்று, மரியாதையாக அழைத்து வந்தாள். பாட்டிக்குக் கோபம். "என்னைக் கிழவியாக்குகிறாயா? 'தூ' என்று சொல்" என்றாளாம். 'தூ' என்றால் 'நீ'. பாட்டியை நீ என்று அழைக்க நம் வீட்டுப் பெண்ணுக்கு நா எழுமா? ஒரு மாதம் முன்னிலையே வராமல் வாக்கியம் அமைத்துச் சமாளித்தாளாம்! கடைசியில், பெற்ற தாயையும் கோவிலில் நின்று கடவுளையும் நாம் நீ என்றுதானே அழைக்கிறோம் என்று தோன்றியதும் வாய் வந்துவிட்டது.

ஈஸ்டர் ஞாயிறு கழிந்து எட்டாம் நாள் திங்கட்கிழமையன்று ஸலமாங்கா ஜனங்கள் தோர்மெஸ் நதிக்கரைக்குக் கட்டுச்சாதம் கொண்டு போவது போல் 'ஒர்னாஸோ' என்ற அடைத்த ரொட்டியைக் கொண்டு போவார்கள். (இந்தப் பண்டிகையின் பூர்வோத்தரம் குடும்பப் பத்திரிகைக்கு ஏற்றதன்று.) அதற்குள் அடைப்பதெல்லாம் பன்றி மாமிசம். மாமிசம் உண்பதில்லை என்று இவள் சொல்ல, "மாமிசமா? கொஞ்சம் ஹாம் மட்டுந்தானே!" என்றாள் பாட்டி. பிசையும் மாவிலேயே பன்றிக் கொழுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவும் ஆகாது என்று விளக்கக் கால் மணி நேரம் பிடித்ததாம். இவள் ஸ்பானிய பாஷையில் வாதாடி ஜயித்த முதல் வழக்கு அது. பாட்டி ஆலிவ் எண்ணெயில் மாவு பிசைந்து, பாலாடைக்கட்டியும் சுட்ட மிளகாயும் வைத்து, இவளுக்கென்று தனியாக ஒன்று சுட்டு வந்தாள்.

ஜூன் மாதத்தில் தவறிய பாடம் தேறிவிட்டது. இப்போது பாட்டி ரசம் வைக்கக் கற்றுக்கொள்கிறாள். பெருங்காயத்தில் தடை ஏற்பட்டது. அகராதியில் 'அஸாஃபேதிதா' என்ற சொல் இருக்கிறது. பாட்டி அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆகவே தமக்கை ஒரு சிறு டப்பியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். மூன்று உறை போட்டுக் கட்டியும், தபாலாபீஸில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.