நடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காலை நடையின் நன்மைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தால் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைந்ததும் நல்ல செய்திதான். ஆனால் உடல்நலம் பற்றிய நம் பேச்சு நடையோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. கூடவே, வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமலும், பேருந்துப் படியில் ஏற முடியாமலும் தவிக்கும் பெரியவர்களிடம் பெரும்பாலும் குறைந்திருப்பது தொடை வலுதான்.

இதற்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழலாம். சுவரில் கைவைத்துத் தண்டால் எடுக்கலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். குக்கர் விசில் வருவதற்குள் முடிந்துவிடும். இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வலுப்பயிற்சி மனச்சோர்வையும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுக்குள்ளேயே நாள் கழியும் பெண்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

பஸ்கியும் தண்டாலும் முறையாகச் சொல்லித்தரத் தெரிந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு வாரம் ஒரு பக்கம் படங்களோடு வெளியிடுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமலிருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகளை முதல் வாரமே போடுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி