கூலம் என்று எழுதட்டும் பிள்ளைகள்

ஒன்றிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் புன்செய்க் கூலங்களின் ஆண்டாக அறிவித்தது. இந்தியா முன்மொழிய, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் துணைநிற்க, 2021 மார்ச்சுத் திங்களில் அம்முடிவு நிறைவேறிற்று. அதன்பின் பள்ளிகளில் பிள்ளைகள் தட்டி எழுதினர், படம் வரைந்தனர், தெருவழியே முழக்கமிட்டு நடந்தனர். தவிடு நீங்காத முழுக்கூலத்தை உண்ணுங்கள் என்று பெற்றோர்க்குப் பிள்ளைகள் எடுத்துரைக்கும் நிலை வந்தது. நல்லதே. ஆயின் அப்பிள்ளைகளின் கையில் எம்மொழிச் சொல்லைக் கொடுத்தனர் என்பதைத் தமிழுணர்வுடையோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தில்லியிலிருந்து வந்த பெயர் 'ஸ்ரீ அன்ன' என்பது. 2023 பிப்பிரவரியில் வரவு செலவுத் திட்ட உரையிலேயே அப்பெயர் சூட்டப்பட்டது. கடைக்காரர் 'மில்லட்' என்கின்றனர். தமிழ்நாட்டு அலுவலகங்களோ 'சிறுதானியம்' என்கின்றன. தானியம் வடசொல். கூலம், தவசம் என்னும் இரு தூய சொற்கள் வீட்டுக்குள் இருக்க, வாசலில் நின்று இரவல் கேட்பானேன்? மணிமேகலை யாத்த சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் உருப்போடும் பிள்ளைக்கு, கூலம் என்றால் எது என்று கடைத்தெருவில் காட்டுவார் இல்லை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, கம்பு, சோளம், கேழ்வரகு என எட்டுக் கூலத்திற்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. கேழ்வரகையும் இன்று 'ராகி' என்று எழுதினால்தான் விலைபோகும் என்று வணிகர் நம்புகின்றனர்.

செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வட்டத்தில் அடங்கிய இடைக்கழிநாடே சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் நாடு. உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவு குற்றிய அரிசிச் சோற்றை நண்டுக் கலவையோடு பாணர்க்கு ஊட்டிய ஆமூர் மனையை அவர் பாடியுள்ளார். அது வெண்சோறுதானே, தவிட்டரிசி அன்றே என்று வினவலாம். உண்மையே, விருந்தினர்க்கு இட்ட சோறு அது. ஆனால் கைக்குற்றலில் தவிடு எவ்வளவுதான் போகும்? மேல்தோலும் முளையும் ஓரளவேனும் எஞ்சும். அவ்வெச்சத்தையும் சுரண்டி எடுத்தது ஆலைப் பொறியே.

அதனால் நேர்ந்த கேட்டை உலகம் அறிந்த வரலாறும் சுவையானது. 1890களில் சாவகத்தில் ஐக்மன் என்னும் ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி என்னும் நரம்புத் தளர்ச்சி நோய்க்கு மருந்து தவிட்டிலேயே இருந்தது. அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல்லை அவித்துப் புழுக்கினால் தவிட்டின் ஊட்டத்தில் ஒரு பகுதி அரிசியுள் இறங்கிவிடும் என்பதையும் பின்னர் ஆய்வாளர் தெளிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்க் குடிக்கு அந்நோய் மிகுதியும் வாராமல் காத்தது அப்புழுக்கலே. கேழ்வரகின் பெருமை வேறு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ண ஊட்டம் ஏறத்தாழ 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே.

இவற்றைச் செய்யூர்ப் பிள்ளைகள் விளம்பரமாக்க விரும்பினால், மேலிடத்திலிருந்து அச்சாகி வரும் தாளைப் பார்த்து எழுத வேண்டுவதில்லை. பாட்டியிடம் கேட்டால் போதும். களி, கூழ், அடை, புட்டு, உருண்டை எனப் பண்டத்தின் பெயரும் பக்குவமும் அங்கே கிடைக்கும். ஆடித் திங்களில் அம்மன் கோயில் வாயிலில் மிடாக்களில் காய்ச்சி ஊற்றும் கூழை ஊரே ஏந்திக் குடிக்கிறது. மறுநாள் அதே கூழை ஏழையுணவு என்று ஒதுக்குகிறது. இந்த முரணை ஒரு பிள்ளை இரண்டே வரியில் எழுதினால் ஆயிரம் முழக்கத்துக்கு ஈடாகும். பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு, பள்ளி வாயிற் கடையில் மைதாப் பொட்டலம் தொங்கவிடுவது விளம்பரமன்று, வேடிக்கை.

பள்ளி அடுக்களையும் விலக்கன்று. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலையுணவுத் திட்டம் போற்றத்தக்கது. அதன் ஆணையிலேயே, அந்தந்தப் பகுதியின் கூலங்களைக் கொண்டு வாரத்தில் இருநாளேனும் சமைக்கலாம் என்ற குறிப்பு உண்டு. அப்படியிருக்க, ரவையும் சேமியாவுமே பட்டியலில் மேலோங்குவது ஏன்? பிள்ளைகளின் முதல் தட்டியை அடுக்களைச் சுவரிலேயே மாட்டலாம்.

இனி, பெரிதும் மறைந்து கிடக்கும் செய்தி ஒன்று. கடையில் விற்கும் 'ராகி பிசுக்கோத்து' உறையின் பின்புறம் சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நாட்டின் ஒழுங்குமுறை. மைதா முதலாவதாகவும் சீனி அடுத்ததாகவும் இருந்தால், முன்புறத்தில் கதிர்ப் படம் எவ்வளவு அழகாக இருந்தும் அது கேழ்வரகுப் பண்டம் ஆகாது. இதைப் படித்தறியப் பிள்ளைகளைப் பழக்குவதே விளம்பரக் கல்வியின் உயிர். ஆனால் அவ்வரிசையை எம்மொழியில் அச்சிட வேண்டும்? ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்கிறது நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம். வேறு மொழியைச் சேர்ப்பதைத் தடுக்கவில்லையாம், அவ்வளவே இரக்கம். செய்யூர்க் கடையில் தமிழ்த் தாய் ஒருத்தி தன் பிள்ளைக்கு வாங்கும் பண்டத்துள் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்ல யார்க்கும் கடமை இல்லை.

இதே ஆணையம் 2023 மார்ச்சில் தயிர் உறையில் 'தஹி' என்று பொறிக்கச் சொன்னது. தமிழ்நாடு சீறி எழுந்தது. அத்திங்கள் முடியுமுன் அவ்வாணை திருத்தப்பட்டது. தயிருக்குக் கிளர்ந்த அவ்வெழுச்சி சேர்பொருள் வரிசைக்கும் எழ வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் எவ்வுணவுப் பொட்டலத்திலும் தமிழ் கட்டாயம் என்று ஒழுங்குமுறையைத் திருத்துமாறு ஊராட்சிதோறும் முடிவு இயற்றி ஆணையத்துக்கு விடுக்கலாம். அதனுடன், அவ்வூர்ப் பிள்ளைகள் படித்துப் பார்த்த பொட்டலங்களின் வெற்றுறைகளையும் இணைத்து அனுப்புக.