விரலுக்கு எட்டும் தூரம்

துப்பாக்கி சுடப் புதிதாகப் பழக வருகிறவர்கள் ரிவால்வரைக் கையில் வாங்கியதும், "ட்ரிகர் லேசா இருக்குமா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். லேசாக இருந்தால் குறி தப்பாது என்ற எண்ணம் பலருக்கும் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ட்ரிகர் லேசாக இருப்பதைவிடச் சீராக இருப்பது பெரிது. அதையும்விடப் பெரிது, ரிவால்வரின் ஃப்ரேம் நம் கைக்கு அடங்குவது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் இருக்கும். சுடும் நொடியில் முன்குறி 1 மி.மீ. விலகினால், 25 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் தோட்டா 130 மி.மீ. விலகி விழும். சர்வதேசப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மி.மீ. தான். பத்துக்குக் குறி வைத்தவருக்கு ஐந்துதான் கிடைக்கும். இரண்டு அங்குலக் குட்டி ரிவால்வரில் குறிகளின் இடைவெளி 100 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அங்கே அதே 1 மி.மீ., தோட்டாவை அட்டையின் கடைசி வளையத்துக்கே கொண்டுபோய்விடும்.

அந்த 1 மி.மீ. பெரும்பாலும் ட்ரிகர் விரலில்தான் பிறக்கிறது. டபுள் ஆக்‌ஷனில் சுடும்போது அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் சுழல வேண்டும், ஹேமர் பின்னால் போய் விடுபட வேண்டும். இதற்கு நாலரை, ஐந்து கிலோ விசை தேவைப்படும். ரிவால்வரின் எடையோ ஒரு கிலோவை ஒட்டியதுதான். எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீட்டிய கையில் நிற்கும் பொருளை, அதன் எடையைப்போல் ஐந்து மடங்கு விசையால் ஒரு விரல் இழுக்கிறது. கட்டைவிரலால் ஹேமரை முதலிலேயே பின்னுக்கு இழுத்து நிறுத்தினால், அதுதான் சிங்கிள் ஆக்‌ஷன், மிச்ச வேலைக்கு ஒன்றரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ போதும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியின் இரண்டாம் பகுதியில் அட்டை 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறையும். ஹேமரை நிறுத்த அந்த 7 விநாடி தாராளம். அந்தப் போட்டியில் ரிவால்வர் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். அங்கேயும் ட்ரிகர் 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி.

சீர் என்று நான் சொல்வது கிணற்றில் நீர் சேந்துவதைப் போன்றது. கயிறு ஒரே கனத்தில் வந்தால் வாளி தளும்பாது. 1955இல் வந்த கோல்ட் பைத்தானில் இழுப்பின் கடைசியில் கனம் கூடும். சுடுபவர்கள் அதை ஸ்டாக்கிங் என்பார்கள். ஹேமர் விழப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று அதையே விரும்புகிறவர்களும் உண்டு. என் விரலுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஒரே சீரான இழுப்புதான் ஒத்துவருகிறது. லேசாக்குகிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். ஹேமரின் அடி தளர்ந்து தோட்டா வெடிக்காமலே போகும்.

ஃப்ரேமுக்கு வருகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ஃப்ரேம்களைச் சிறியதிலிருந்து பெரியதாக ஜே, கே, எல், ‘என்’ (N) என்று அழைக்கிறது. 1899இல் பிறந்த கே ஃப்ரேம்தான் இலக்குச் சுடுதலுக்கு இன்னும் என் முதல் தேர்வு. 1957இல் மாடல் 14 என்று எண் பெற்ற கே-38 மாஸ்டர்பீஸ் அந்த ஃப்ரேமில் உருவானதுதான். ‘என்’ ஃப்ரேமின் சிலிண்டர் பெரிது, கனமானது. டபுள் ஆக்‌ஷனில் வேகமாக இழுத்தால் அது சுழலத் தொடங்குவதும் சட்டென்று நிற்பதும் விரலில் தெரியும். ஆனால் அந்தக் கனமே உதைப்பையும் அடக்குகிறது. வேகமாகச் சுடுவதில் பேர்பெற்ற ஜெர்ரி மிக்குலெக் 1999இல், இடையில் தோட்டா மாற்றியும் 2.99 விநாடியில் 12 முறை சுட்டது ‘என்’ ஃப்ரேம் ரிவால்வரில்தான். அதனால் பெரிய ஃப்ரேமைக் குறை சொல்ல முடியாது. அதற்கேற்ற கை வேண்டும், அவ்வளவுதான்.

சிறிய கைக்காரர் ‘என்’ ஃப்ரேமைப் பிடித்தால் விரல்நுனி மட்டுமே ட்ரிகரைத் தொடும். எட்டிப் பிடிப்பதற்காகக் கை பிடியைச் சுற்றித் திரும்பிவிடும். உதைப்பு முன்கையோடு நேராக வராமல் கட்டைவிரல் அடியில் வந்து இடிக்கும். இரண்டாவது தோட்டாவுக்கே உடம்பு கூசத் தொடங்கிவிடும். பெரிய கைக்காரர் ஜே ஃப்ரேமைப் பிடித்தால் சங்கடம் நேர்மாறு. விரல் வளையத்துக்குள் மிகுதியாக நுழைந்து, குழலைப் பக்கவாட்டில் தள்ளும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. முதலில் சிலிண்டரைத் திறந்து, காலி என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் வரும்படி பிடியுங்கள். பிடியைத் திருப்பாமல் விரலை ட்ரிகரில் வையுங்கள். சிங்கிள் ஆக்‌ஷனுக்கு விரல்நுனிச் சதையின் நடுப்பகுதி படிய வேண்டும், டபுள் ஆக்‌ஷனுக்கு முதல் மூட்டு வரை எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால், பிடியில் இருக்கும் மரத்தையோ ரப்பரையோ மெலிதாக மாற்றிப் பாருங்கள். பின்புறத்து உலோகத்தை மூடாத பிடி ஓரளவு தூரத்தைக் குறைத்துக் கொடுக்கும். அதற்கும் விரல் எட்டாவிட்டால் ஒரு படி சிறிய ஃப்ரேமை எடுங்கள்.