"எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பிள்ளை

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. அது மலட்டு மாத்திரை என்று ஒரு பேச்சு கிளம்பியது. கூட்டம் சேர்ந்தது. கடையில் நின்றவரை மிரட்டி "ஓம்" சொல்லவைத்த காட்சி கைபேசிகளில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு சொன்னது. மறுவாரம் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறைத் தீ மூண்டபோது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவில் முடக்கிவைக்க வேண்டி வந்தது.

அந்தக் காட்சியை நம்பிப் பகிர்ந்தவர்கள் பாடசாலை வாசலை மிதிக்காதவர்கள் அல்லர். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத வாசிக்கத் தெரிந்த நாடு இது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம்தான் அவர்களிடம் இல்லை. அந்தப் பழக்கம் ஒரு பிள்ளையிடம் வளர்கிறதா என்று நமது ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் அக்கறையோடு அளந்து பார்ப்பாரும் இல்லை.

நாம் அளப்பது வேறு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்கள் பாடசாலை மதிலில் பெனராகத் தொங்குகின்றன. அந்தப் பரீட்சையின் வினாத்தாள்களில் வேண்டிய தகவல் பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலான கேள்விகளுக்கு விடையும் ஒன்றே ஒன்றுதான். தேடவோ, கிடைத்ததைச் சந்தேகிக்கவோ, இரண்டை ஒப்பிடவோ பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை.

தேடவைப்பதற்கென்று நாம் கொடுக்கும் ஒப்படை என்ன ஆகிறது? "எமது பிரதேசப் பறவைகள்" என்று ஆசிரியர் தலைப்புக் கொடுப்பார். வாப்பா கொமினிகேஷன் கடைக்குப் போய் பிரிண்ட் எடுத்து வருவார். உம்மா வெட்டி ஒட்டுவார். ஒலுவில் வயல்வெளியில் ஒருநாளும் இறங்காத ஏதோ ஒரு நாட்டுப் பறவை பளபளவென்று கோப்பில் உட்கார்ந்திருக்கும். கோப்பின் அழகுக்குப் புள்ளி விழும். பிள்ளை கற்றது, கேட்டதைக் கொடுத்தால் போதும் என்பதைத்தான். இதில் ஆசிரியரைக் குறை சொல்லமாட்டேன். முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு பெரிது. அவருடைய கையில் நாம் வேறு அளவுகோல் எதையும் கொடுக்கவில்லை.

வெளிநாடுகளில் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 3ஆம் தரத்திலிருந்தே பிள்ளைகளின் தகவல் திறனைச் சோதிக்கும் இலவச இணையத் தேர்வு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியது. பெரும்பாலும் பலதேர்வு வினாக்கள். அப்படியான தேர்வு, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சொல்லும். கையில் போனைக் கொடுத்தால் என்ன செய்யும் என்று சொல்லாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தித்தளத்தின் பக்கத்தையே மாணவர்முன் வைத்து எது செய்தி, எது விளம்பரம் என்று கேட்டார்கள். காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தைச் செய்தி என்று நம்பிய நடுநிலை வகுப்பு மாணவர்கள் 80 வீதத்துக்கும் மேல் என்று 2016இல் வெளியான அவர்களின் அறிக்கை சொன்னது. வேலையைக் கொடுத்துப் பார்த்ததால் தெரியவந்த உண்மை அது.

நம் அம்பாறைக் கரையோரத்தில் இதற்குக் கணினி அறைகூட வேண்டியதில்லை. சுனாமியை எடுங்கள். இலங்கையில் இறந்தவர்கள் 31,000 சொச்சம் என்று ஒரு புத்தகத்தில் இருக்கும், 35,000 சொச்சம் என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டையும் தரம் 5 பிள்ளையிடம் கொடுத்து, "எது சரி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பிள்ளை பெரிய எண்ணை எடுக்கும். ஒன்று படம் அழகாயிருக்கும் புத்தகத்தை நம்பும். ஒன்று மட்டும், "காணாமற்போனவங்களையும் சேர்த்து எண்ணினாங்களா சேர்?" என்று கேட்கும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, "எங்கட உம்மும்மாவிடம் கேட்டு வாறேன்" என்று சொல்லக்கூடும். உம்மும்மா கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் கண்டவர். ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கு அவரிடம் இல்லை. எந்தக் கேள்விக்கு யாரிடம் போகவேண்டும் என்பதைப் பத்து வயதில் பிரித்தறிவது சின்ன விசயம் அல்ல. ஆசிரியர் குறித்துவைக்க வேண்டியது இதைத்தான்: பிள்ளை முதலில் என்ன கேட்டது, எங்கே போனது, முரண் வந்தபோது என்ன செய்தது, எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னதா.

மாரி காலத்தில் சேனாநாயக்க சமுத்திர நீர்த்தேக்கம் உடைப்பெடுத்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு வந்தால்? அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிப் பேசவிடலாம். பேசுபவர் தன் பெயரைச் சொன்னாரா, எந்த நாள் என்றாரா, 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் கேட்கலாமா என்ற கேள்விகளுக்கு அவர்களே போய்ச்சேர்கிறார்களா என்று பார்க்கலாம். 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியதிலிருந்து, தரம் 1 பிள்ளையின் பாடம்கூட வாட்ஸ்அப் வழியாக வந்திருக்கிறது. பாடமும் வதந்தியும் ஒரே திரையில், ஒரே பச்சை நிறத்தில் வருவதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள்.

இந்தக் கரையோர முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது இரவல் அறிவும் அல்ல. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தைக் குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகிறார்கள். யார் யாரிடம் கேட்டு அறிவித்தார் என்ற வரிசை அறுந்தால் ஹதீஸே பலவீனப்படும் என்று மௌலவி சொல்லக் கேட்கிறார்கள். பின்னேரம் மத்ரஸாவில் கேட்ட அந்த "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி காலையில் வகுப்பறைக்குள் வருவதில்லை. வாட்ஸ்அப்புக்குள் வருவதே இல்லை. இந்த இடைவெளியை ஆலிம்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் அடைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இந்த அவதானிப்பைப் புலமைப்பரிசிலில் மூன்றாவது வினாத்தாளாக ஆக்கிவிடக் கூடாது. ஆக்கினால் அடுத்த மாதமே மாதிரி வினாத்தாள் அச்சாகும், டியூஷனில் "எப்படித் தெரியும்?" என்பதையும் மனப்பாடம் செய்விப்பார்கள். புள்ளி வேண்டாம், தரவரிசை வேண்டாம், பெனரும் வேண்டாம். தவணைக்கு ஒருமுறை, பிள்ளைக்கு நான்கு வரி, ஆசிரியரின் கையெழுத்தில் போதும். வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் பார்க்கத் தேவையில்லை. நூலகப் பாடவேளையில் ஐந்தாறு பேராகப் பார்த்தால் தவணைக்குள் முடிந்துவிடும்.

தொடங்க ஆட்களும் இருக்கிறார்கள். அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அதன் பயிலுநர் ஆசிரியர்கள் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் இருக்கின்றன. அக்கரைப்பற்று வலயக் கல்விப் பணிமனை பாலமுனையில் ஒரு பாடசாலையைத் தெரிந்தெடுத்து, ஒரு தவணைக்கு, தரம் 4 பிள்ளைகளிடம் செய்துபார்க்கட்டும். எழுதிவைத்த அந்த நான்கு வரிகளை வாப்பா உம்மாமாரையும் கூப்பிட்டு வாசித்துக்காட்டட்டும்.