அகத்தியர் மலை முதல் பூவாறு வரை

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாற்றில் அரபிக்கடலை அடைகிறது. மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரமுடையது. மேகம் படியும் பாறை, அடர்காடு, அணை, நீர்த்தேக்கத்தினுள் தீவுகளாகிப்போன குன்றுகள், ரப்பர்த் தோட்டம், வாழைத்தோட்டம், கழிமுகம், மணல்திட்டு ஆகிய இத்தனையும் ஒரே ஆற்றின் இரு முனைகளுக்கிடையே அடங்கியுள்ளன. ஆயினும், பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர், அமரவிளைப் பாலத்தின்மீது பேருந்து செல்லும் சில நொடிகளில் மட்டுமே அவ்வாற்றைக் கண்டிருப்பர்.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நீண்ட விடுமுறை வந்தால் சொந்த ஊர். சனி ஞாயிறு வந்தால் தனிப்பயிற்சி வகுப்பு. "இது பிழைக்க வந்த இடம், இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கமான பேச்சு. அப்பேச்சில் உள்ள களைப்பு புரிந்துகொள்ளத்தக்கதே, கருத்து ஏற்கத்தக்கதன்று. ஒரு பிள்ளை பத்து ஆண்டுகள் உண்டு, உறங்கி, படித்து வளரும் மண் அப்பிள்ளைக்கு அயலூர் ஆகாது. மலையேற்றம் என்பது இப்பகுதிக்குப் புதிய பொழுதுபோக்கும் அன்று. வெள்ளறடைக்கு அருகே, இரு மாநில எல்லையில், குருசுமலையும் காளிமலையும் அருகருகே நிற்கின்றன. தவக்காலத்தில் ஒன்றிலும் சித்திரா பௌர்ணமியில் மற்றொன்றிலும் மக்கள் திரளாக ஏறுகின்றனர். பாட்டிமார்கூட வெறுங்காலுடன் ஏறும் அம்மலைகளைப் பள்ளிப் பிள்ளைகள் சோம்பலால் தவிர்ப்பது சற்று நாணத்தக்கதே.

பிழைக்கச் சென்ற தீவைத் தம் ஊராக்கிக்கொண்ட தமிழர் சிங்கப்பூரில் உள்ளனர். அந்நாட்டின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கித் தீமா ஏறத்தாழ 163 மீட்டர் உயரமே உடையது. அகத்தியர் மலையோடு ஒப்பிட்டால் அது ஒரு படிக்கட்டு. எனினும் வார இறுதியில் அங்கே ஏறுவோர் பலர். சாங்கி முனையிலிருந்து சிறு படகேறிப் புலாவ் உபின் என்னும் தீவுக்குச் செல்வோரும் உண்டு. அத்தீவின் கிழக்கு ஓரத்தில் செக் ஜாவா என்னும் கடற்சேற்றுப் பரப்பு உள்ளது. கடல் வற்றும் வேளையில் விண்மீன்மீன்களும் நண்டுகளும் கடற்பஞ்சுகளும் அங்கே கண்ணுக்குத் தெரியும். அவ்விடத்தை மண்ணிட்டு நிரப்ப அரசு திட்டமிட்டிருந்தது. 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். பொதுமக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர். பார்த்தவர்கள் எழுதினர், பேசினர். அவ்வாண்டின் இறுதியில் அரசு அத்திட்டத்தை ஒத்திவைத்தது. ஞாயிற்றுக்கிழமை உலாவச் சென்றவர்கள் ஒரு கடற்கரையைக் காத்த நிகழ்ச்சி இது. சென்று பாராத இடத்திற்காக எவரும் வாய் திறப்பதில்லை.

ஆனால், செல்வது மட்டும் போதுமா? அகத்தியர் மலைக் காடுகளில் 1987இல் நிகழ்ந்ததை இங்கே விரிவாகச் சொல்வது தகும். அறிவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு மலைவாழ் மக்களின் தாவர அறிவைத் திரட்டுவதற்காக அம்மலையில் ஏறியது. வழிகாட்டியாக வந்தவர்கள் அக்காட்டின் பழங்குடியினரான காணி மக்கள். அறிவியலாளர்கள் மூச்சுவாங்கித் தளர்ந்தனர். வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு கனியை அவ்வப்போது மென்றபடி துள்ளி நடந்தனர். அது என்ன கனி என்று கேட்டபோது, காணிகள் உடனே சொல்லிவிடவில்லை. அது அவர்கள் முன்னோர் காத்துவந்த மறைபொருள். பின்னர் நம்பிக்கை வளர்ந்த நிலையிலேயே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

அச்செடியைக் கொண்டு, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதனைத் தயாரிக்கும் உரிமம், பத்து இலட்சம் ரூபாய்க் கட்டணத்திற்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்கிற்கும், கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு வழங்கப்பட்டது. அவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்காக 1997இல் காணி மக்களின் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. மலைவாழ் மக்களின் அறிவுக்கு விலையுண்டு என உலகம் ஏற்றுக்கொண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகப் பேசப்படுகிறது. குறை இல்லாமலும் இல்லை. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை என்ற வருத்தம் எழுந்தது. காட்டில் அவ்விலையைத் திரட்டுவதற்கு வனத்துறை தடை விதித்தது. கொடுத்த பங்கு சிறிதே. ஆயினும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு முன்னர் அரிதாயிருந்தது.

மலையேறும் மாணவர் மருந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆயினும் அவரும் வழிகாட்டியின் அறிவை உண்டே மேலே செல்கிறார். எந்த நீர் குடிக்கத் தக்கது, எந்தத் தடம் யானையினுடையது, எப்போது அட்டை மிகும் என்பவற்றை அறிந்தவர் காணிக்காரரே. அவர்தம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசும் எல்லையோரப் பிள்ளைக்கு அப்பேச்சைப் புரிந்துகொள்வது கடினமன்று. நகரத்திலிருந்து வரும் பயணிக்கு வாய்க்காத நற்பேறு அது.

உச்சிப் பயணம் போணக்காட்டில் தொடங்கி அதிருமலை முகாமில் இரவு தங்கி மேற்செல்வது. வனத்துறையின் இசைவு வேண்டும்; நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரே செல்லலாம்; சிறுவர்க்கு இசைவில்லை. பெண்களும் ஏறலாம் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தபின், 2019 சனவரியில் பெண்கள் இசைவு பெற்று ஏறினர். அம்மலையைத் தெய்வமாகக் கருதும் காணி மக்கள் அதற்கு வருந்தி அமைதியாகத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். தீர்ப்பு நியாயமானதே. ஏறுவோர் எவராயினும், பிறர் வணங்கும் இடத்தில் கூச்சலிடவும் குப்பை போடவும் உரிமை பெற்றவர் ஆகார்.

சிறுவர்க்கு அணையும் அதனைச் சூழ்ந்த குன்றுகளும் போதும். நீர்த்தேக்கத்துத் தீவுகளுள் ஒன்றான மரக்குன்னத்தில் ஒரு காலத்தில் சிங்கங்களை வைத்திருந்தனர். இன்று அவை இல்லை. மழைக்காட்டுத் தீவில் சிங்கத்திற்கு என்ன வேலை என்று அன்றே எவரேனும் கேட்டிருக்கலாம். இவ்வணையின் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் தந்தது. 2004 முதல் அந்நீர் வருவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செய்தித்தாளில் அவ்வழக்கைப் படிக்கும் பிள்ளை, அணையை ஒருமுறை நேரில் கண்டிருத்தல் நன்று.

ஆற்றின் மறுமுனையில் 'பூவாறு தீவு' என்று விளம்பரம் செய்யப்படுவது, உண்மையில் ஆற்றுக்கும் கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலமும் மணல்திட்டுமே ஆகும். ஆறு கடலோடு சேரும் வாயைப் 'பொழி' என்பர். அடுத்த ஊராகிய பொழியூரின் பெயரிலும் அச்சொல் உள்ளது. 1860இல் வெட்டத் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் பூவாற்றிலிருந்து இன்றைய மாநில எல்லையைக் கடந்து தெற்கே சென்றது. இப்போது பல இடங்களில் தூர்ந்துவிட்டது. படகு வாடகைக்குப் பேரம் பேசி, கண்டல் மரங்களின் முன்னே நிழற்படம் எடுத்து, வெறும் தண்ணீர்ப் பாட்டிலை நீரில் விட்டுத் திரும்புவோர்க்கு இவற்றுள் எதுவும் தெரிவதில்லை. பொழியூர்க் கரையில் கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருப்பதும் அவர்தம் படத்தில் விழுவதில்லை. சிறந்த கால்பந்து வீரர்களைத் தந்த ஊர் அது. பிள்ளைகள் ஆடிய மணலே அங்குக் குறைந்துவருகிறது.

ஆகவே பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலாவைத் தொலைதூர நீர் விளையாட்டுப் பூங்காக்களுக்கு நடத்துவதை ஓராண்டேனும் நிறுத்தி, ஒரு சனிக்கிழமை அணைக்கும் மறுநாள் பொழிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். செலவு குறைவு; பெற்றோரும் உடன் வரலாம். வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் பேரமின்றிக் கூலி தர வேண்டும். மலையில் பெருமழை பெய்த பின் பொழியில் நீர் எப்போது கலங்குகிறது, மணல்திட்டு எந்த மாதத்தில் அடைகிறது, எப்போது உடைகிறது என்பவை பாடநூலில் இல்லை. அவற்றைப் படகோட்டியிடம் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே பிள்ளைகள் எழுதிவரலாம்.