கம்பளியும் கைவிரல் பொறியும்

யாழ்ப்பாணத்தில் கம்பளி உடைக்குத் தேவையில்லை. ஆனால், ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் பிள்ளைகளைக் காணக் குளிர்காலத்தில் செல்லும் எம் பெற்றோர், சுவெற்றரைக் கழற்றும்போது எழும் படபடப்பையும் கதவுப் பிடியைத் தொட்டதும் விரலைச் சுண்டும் மின்னையும் கண்டு திடுக்கிடுகின்றனர்.

காரணம் எளிது. இரு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னேற்றம் இடம்மாறுகிறது. கம்பளி ஈரத்தை நன்கு உறிஞ்சும் இழை. 65 விழுக்காடு சாரீரப்பதனில், தன் உலர் எடையின் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைத் தாங்கும். அந்த ஈரத்தின் வழியே மின்னேற்றம் கசிந்துவிடும். சூடாக்கப்பட்ட வீட்டின் வரண்ட காற்றில் அவ்வழி அடைபடுகிறது.

இதற்கு விஞ்ஞானிகள் காட்டும் தீர்வுகளுள் ஒன்று, மின்கடத்தும் பல்பகுதியப் பூச்சு. பிளாஸ்டிக் இனத்துப் பொருளும் மின் கடத்தும் என்று 1977இல் நிறுவிய ஹீகர், மக்டியார்மிட், ஷிரகாவா ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அவ்வினத்தைச் சேர்ந்த பொலிபிரோலைக் கம்பளி இழைமீது மெல்லிய படையாகப் படியவைக்கலாம். மின்னேற்றம் ஓரிடத்தில் தேங்காது பரவிவிடும்.

சிறந்த அறிவியல்தான். ஆயினும் வீட்டு உடைக்கு இது ஏற்ற மருந்தன்று என்பதே என் கருத்து. படியும் படை கருநிறமானது. சவர்க்காரத்தில் துவைக்கத் துவைக்கக் கடத்துதிறன் குன்றும். அதனினும் முக்கியமானது வேறொன்று. றப்பர் அடிச் சப்பாத்து அணிந்தவரின் உடலிலுள்ள மின்னேற்றம், உடை எத்துணை கடத்தினாலும் நிலத்துக்கு இறங்காது.

இதைக் குளிர்நாட்டு வேடிக்கையென ஒதுக்குவதும் தவறு. விரல் உணரும் பொறி பொதுவாக ஏறத்தாழ 3000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. அதன் சக்தி, காற்றுடன் கலந்த பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. எரிபொருள் நிரம்பும் வேளையில் குளிருக்கு அஞ்சிக் காருக்குள் ஏறி, மீண்டும் இறங்கி நேரே குழாயைப் பிடிப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பூச்சு தன் குறைகளைத் தாண்டி வரட்டும், வரவேற்போம். அதுவரை வீட்டில் காற்றை ஈரப்படுத்தினால் போதும். பெற்றோல் நிலையத்தில், குழாயைத் தொடுமுன் அதற்கு அப்பாலுள்ள வெற்று உலோகத்தைத் தொடவேண்டும். குளிர்காலத்தில் பயணம் புறப்படுவோருக்குக் குளிர் உடையோடு இந்த அறிவுரையையும் சேர்த்து அனுப்புவோம்.